ஊசி ஏறாத வண்டி

விடியற்காலை ஐந்து மணி. இலஞ்சியில் எங்கள் வீட்டு வாசலில் பிக்கப் வண்டி நின்று நடுங்கிக்கொண்டிருந்தது. சாதாரண நடுக்கம் இல்லை. ஸ்டியரிங் ஆடியது, பக்கத்துக் கண்ணாடி ஆடியது, டாஷ்போர்டில் வைத்திருந்த தண்ணீர் பாட்டில் தானாக நகர்ந்து வந்து என் மடியில் விழுந்தது. என்ஜின் ஒரு மூச்சு விட்டு, அடுத்த மூச்சை மறந்துபோய், பிறகு நினைவு வந்து அவசரமாக இரண்டு மூச்சு இழுத்தது. பின்னால் வெள்ளைப் புகை தென்னந்தோப்புக்குள் போய்க்கொண்டிருந்தது.

சாரல் தலைமேல் விழுந்துகொண்டே இருந்தது. நான் இறங்கிப் பானெட்டைத் திறந்து, துப்பட்டாவை இறுக்கிச் சொருகிக்கொண்டு, கைபேசியை என்ஜினுக்குப் பக்கத்தில் நீட்டிப் பிடித்தேன். முழுசாக ஒரு நிமிஷம் சத்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். நடுவில் பேசக் கூடாது, இருமக் கூடாது என்று உத்தரவு. உத்தரவு போட்டவர் என் வீட்டுக்காரர் மைதீன். ஷார்ஜாவில் ஒரு பணிமனையில் லாரி மெக்கானிக்காக இருக்கிறார்.

பதிவை அனுப்பிவிட்டுப் பானெட்டை மூடினேன். அங்கே அப்போது மணி மூன்றரை. அவர் எழுந்து கேட்க இன்னும் நேரம் இருக்கிறது. அதற்குள் நான் சுந்தரபாண்டியபுரம் போய்த் தக்காளியும் கத்தரிக்காயும் ஏற்றியாக வேண்டும்.

இந்தத் தொடரில் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதிவிட்டேன், கல்யாணத்தைப் பற்றியும் எழுதிவிட்டேன். ‘உங்கள் வீட்டுக்காரர் கல்யாணத்தோடு கதையை விட்டே காணாமல் போய்விட்டாரே’ என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. மனிதர் வீட்டில் இருந்தால்தானே அம்மா எழுதுவதற்கு? அவரைப் பற்றி எழுத வேண்டுமென்றால் நான் வண்டியைப் பற்றித்தான் எழுத வேண்டும். ஆகவே இந்த வாரம் வண்டி.

ஒரே ஒரு சீசன்

எங்களுக்குக் கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். அதில் நாங்கள் ஒரே கூரையின்கீழ் இருந்த நாட்களை ஒருநாள் காலண்டரும் கையுமாக உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். இரண்டு வருஷம்கூடத் தேறவில்லை. அதற்கப்புறம் கூட்டுவதை விட்டுவிட்டேன்.

தென்காசிப் பக்கத்தில் இது ஒன்றும் அதிசயமில்லை. எங்கள் தெருவில் வரிசையாக ஏழு வீட்டில் ஆண்கள் வெளிநாட்டில். யார் வீட்டில் பெட்டி கட்டுகிறார்கள், யார் வீட்டில் பெட்டி அவிழ்க்கிறார்கள் என்பதை வைத்துத்தான் எங்களுக்கு வருஷம் ஓடும். ஆனால் எல்லோருக்கும் நடக்கிறது என்பதற்காக எனக்கு வலிக்காமல் போய்விடுமா? எனக்கு வலித்தது. அதை வாய்விட்டுச் சொல்லத் தெரியாமல் சண்டையாகப் போடுவேன்.

போன தடவை அவர் விடுப்பில் வந்தபோதும் சண்டைதான். மகள் பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படிக்கப் போய்விட்டாள். வீட்டில் நான் மட்டும். “இனிமே யாருக்காக அங்கன கிடக்கிய?” என்று கேட்டேன்.

“வந்து என்ன செய்ய? சொல்லு. ஒரு தொழில் இருந்தா நாளைக்கே வந்துருதேன்” என்றார்.

அந்தக் கேள்விக்குப் பதிலாக வந்ததுதான் இந்த டீசல் பிக்கப். பழைய வண்டி. சுந்தரபாண்டியபுரத்தில் விடியுமுன் காய் ஏற்றி, குற்றாலம் ஐந்தருவிப் பக்கம் உள்ள விடுதிச் சமையற்கட்டுகளில் ஆறரை மணிக்குள் இறக்க வேண்டும். சீசன் நேரத்தில் அங்கே அடுப்பு அணையாது. ஓட்டுவது நான்.

“ஒரு சீசன் ஓட்டிக் காட்டு ரஹ்மத்து” என்றார். “இந்த வண்டிய நம்பி ஒரு குடும்பம் நிக்கலாம்னு தெரிஞ்சுட்டா, அடுத்த ரெண்டு வருசத்துக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன். பெட்டியக் கட்டிட்டு வந்துருதேன்.”

கம்பெனிக்காரர்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிற அந்தக் கையெழுத்தை ஆகஸ்ட் கடைசியில் கேட்பார்கள். வண்டி அதுவரை ஒழுங்காக ஓடினால் அவர் வருவார். நான் கலியாணப் பெண்ணைப் போல நாள் எண்ண ஆரம்பித்தேன், இந்த வயதில்.

சினிமாவுக்குக் குறுக்கே

எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். சித்திரை வெயிலில், சுந்தரபாண்டியபுரம் சாலையில். சூரியகாந்தி பூக்கும் காலமில்லை. ஆனாலும் ஏதோ படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தது. அந்த ஊரில் வயலில் ஆள் இருக்கிறதோ இல்லையோ, கேமரா இருக்கும்.

நான் மிகச் சரியாகக் கேமராவுக்கு முன்னால் வண்டியை அணைத்துவிட்டேன். திரும்பக் கிளப்பினேன். ஒரு குதி குதித்து மறுபடி நின்றது. குடை பிடித்த ஒரு தம்பி ஓடிவந்து, “அக்கா, பிரேம்ல நிக்கிறீங்கக்கா, கொஞ்சம் தள்ளிருங்க” என்று கெஞ்சினார்.

“தள்ளத் தெரிஞ்சா நான் ஏன் தம்பி இங்கன நிக்கேன்?” என்றேன்.

பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரர் அசையவில்லை. “அவங்க நாளைக்குக்கூட படம் எடுத்துக்கிடுவாங்க. நீ கிளச்ச மெதுவா விடு” என்றார். வியர்த்து ஒழுகிக்கொண்டிருந்தது எங்கள் இரண்டு பேருக்கும். அந்தப் படம் வெளிவந்துவிட்டதா என்று தெரியவில்லை. எங்கேயாவது கதாநாயகிக்குப் பின்னால் ஒரு வெள்ளை பிக்கப் குதித்தால் அது நான்தான்.

அன்றைக்கு அவர் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் என்ஜின் சூட்டைக் காட்டும் சிறிய ஊசி இருக்கிறது. அதை விரலால் தட்டிக் காட்டி, “இதுதான் வண்டிக்கு உயிர். இந்த ஊசி மேல ஏறிச்சுன்னா எங்கன நின்னாலும் சரி, ஓரங்கட்டி நிறுத்திரு. ஏறவே விடப்பிடாது” என்றார். நான் ஓதிய பாடம் மாதிரி மனசில் வைத்துக்கொண்டேன்.

ஷார்ஜாவுக்குக் கிளம்புவதற்கு முந்தின இரண்டு நாளும் அவர் வண்டிக்கு அடியிலேயே கிடந்தார். ஆயில் மாற்றினார், பெல்ட் மாற்றினார், இன்னும் என்னென்னவோ கழற்றினார், மாட்டினார். நான் சர்பத் கலந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். “தனியா ஓட்டப்போறவ நீ. நடுவழியில கொதிச்சு நின்னுரக்கூடாதுலா” என்றார். கையெல்லாம் கிரீஸ். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல் இருந்தது எனக்கு. மறுநாள் விமானம்.

சாரல் விழுந்தது

வெயில் இருந்தவரை வண்டி தங்கமாக ஓடியது. ஜூனில் மலைமேல் மேகம் இறங்கி, சாரலும் காற்றும் ஆரம்பித்த முதல் வாரமே நடுக்கம் வந்துவிட்டது.

காலையில் கிளப்பும்போதுதான் இந்தக் கூத்து. ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தால் ஓடும். காலை எடுத்தால் நடுங்கும், சில சமயம் அணையும். சும்மா நின்று ஓடுகிற அந்த ஓட்டத்தை மெக்கானிக்குகள் ‘ஐட்லிங்’ என்கிறார்கள். எங்கள் வண்டிக்கு அந்தச் சும்மா நிற்கிற வேலைதான் முடியவில்லை. வெயில் ஏறி ஒன்பது மணிக்கு மேல் போய்ப் பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி அமைதியாக ஓடும்.

ஒரு சனிக்கிழமை ஐந்தருவி மேட்டில் முன்னால் நின்ற வேனுக்காக நான் காலைத் தளர்த்தினேன். வண்டி அணைந்துவிட்டது. கிளப்பினால் பிடிக்கவில்லை. பின்னால் குளிக்க வந்தவர்களின் வேன்கள் வரிசையாக நின்று ஹாரன் அடிக்கின்றன. தலையில் எண்ணெய் தேய்த்துத் துண்டு கட்டிய நான்கு பேர் இறங்கிவந்து தள்ளினார்கள். வண்டி நகர்ந்தது. தக்காளிக் கூடை ஒன்று சரிந்து சாலையில் உருண்டது.

விடுதிச் சமையற்கட்டில் மாஸ்டர் பேச்சிமுத்து மணியைப் பார்த்தார். ஏழேகால். “யக்கா, நான் சாம்பாரைத் தக்காளி இல்லாம இறக்கிட்டேன். இன்னொரு நாள் இப்படின்னா வேற ஆளப் பாத்துக்கிடுதேன். கோவிச்சுக்கிடாதீங்க” என்றார்.

அவர்மேல் கோபிக்க என்ன இருக்கிறது. நான் கூடைகளை இறக்கிவிட்டு வண்டிக்குள் வந்து உட்கார்ந்து அழுதேன். போனது ஒரு நாள் வியாபாரம்தான் என்று மாஸ்டர் நினைத்திருப்பார். என் வீட்டுக்காரர் திரும்பி வருவது போய்விடுமோ என்று நான் அழுதுகொண்டிருந்தேன்.

போனில் வைத்தியம்

அன்றைக்கே அவரிடம் சொன்னேன். மறுநாளிலிருந்து காலைப் பதிவு ஆரம்பமானது. நான் ஒரு நிமிஷச் சத்தம் அனுப்புவேன். அவர் குளிக்கப் போகுமுன் காதில் வைத்துக் கேட்டுவிட்டுப் பதில் அனுப்புவார்.

“டீசல் பில்டர்ல தண்ணி நிக்கும். சாரல்காலம்லா. மாத்திரு.” மாற்றினேன். நடுங்கியது.

“டீசல் வர்ற டியூப்புல எங்கனயோ காத்து இழுக்குது. கிளிப் எல்லாத்தையும் ஒண்ணொண்ணா முறுக்கு.” அவர் வீடியோவில் காட்டக் காட்ட, வாசலில் குனிந்து நின்று நானே முறுக்கினேன். விரல் கன்னிப்போனது. நடுங்கியது.

“டெம்பரேச்சர் ஊசி எப்படி இருக்கு?” என்று ஒருநாள் கேட்டார்.

“அது மட்டும் அருமையா இருக்கு மச்சான். ஏறவே இல்ல. குற்றாலம் போற வரைக்கும் அடியிலயேதான் கிடக்கு” என்றேன் பெருமையாக.

“மாஷா அல்லாஹ். அது போதும்” என்றார்.

இரண்டு பேருமே அறிவாளிகள். பதில் கையிலேயே இருந்திருக்கிறது. நான் அதை நல்ல சேதியாகச் சொன்னேன், அவர் அதை நல்ல சேதியாகக் கேட்டுக்கொண்டார்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த நாட்களில் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். வெளிநாட்டுக்காரர் பெண்டாட்டிக்கு வருகிற போன் எப்படி இருக்கும் என்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சாப்பிட்டியா, மோட்டார் ஓடுதா, கேஸ் வந்துட்டா, வைக்கட்டா. பத்தொன்பது வருஷம் நாங்கள் ஆசையாகப் பேசினது எல்லாம் மோட்டாரையும் கேஸையும் வைத்துத்தான். ‘நீங்கள் இல்லாமல் எனக்கு முடியவில்லை’ என்று நானும் சொன்னதில்லை, அவரும் சொன்னதில்லை. எங்களுக்கு அது வராது, கூச்சம்.

வண்டி நடுங்க ஆரம்பித்த பிறகு அவர் அரை மணி நேரம் பேசினார். என் குரல் கரகரத்தால், “சாரல்ல நிக்காத, தலைய மூடிக்கோ” என்றார். வண்டி சரியாக வேண்டும் என்று துஆ கேட்டுக்கொண்டே, இன்னும் நான்கு நாள் நடுங்கட்டும் என்றும் ஒரு ஓரத்தில் நினைத்தேன். இப்படிப்பட்ட கோணல் புத்தியை இறைவன் மன்னிக்கட்டும்.

சுடலை அண்ணாச்சி

ஆகஸ்ட் பாதி தாண்டியது. நான் தென்காசியில் சுடலை அண்ணாச்சியின் பட்டறைக்குப் போனேன். டீசல் வண்டியில் முப்பது வருஷம் கைவைத்தவர். நான் காய் இறக்கிவிட்டுப் போய்ச் சேர மணி பத்து. வண்டி நல்ல பிள்ளையாக நின்றது.

“நல்லாத்தானம்மா ஓடுது?” என்றார்.

“காலையில வந்து பாருங்க அண்ணாச்சி, ஜன்னி கண்ட மாதிரி ஆடும்” என்றேன்.

அவர் என்ஜினிலிருந்து பென்சில் கனத்தில் நான்கு கம்பிகளைக் கழற்றினார். ஹீட்டர் பிளக் என்று பெயர். டீசல் என்ஜின் குளிர்ந்து கிடக்கும்போது உள்ளே சூடேற்றிக் கிளப்பிவிடுகிற சமாச்சாரம். ஒவ்வொன்றையும் பேட்டரியில் தொட்டுப் பார்த்தார். இரண்டு சிவந்தன, இரண்டு அப்படியே கறுப்பாக இருந்தன. “இந்தா, பாதி நோய் இங்கன இருக்கு” என்று புதிதாக மாட்டினார்.

மறுநாள் சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்பிவிட்டது. எனக்கு உயிர் வந்தது. ஆனால் கிளம்பிய வண்டி, முன்னே மாதிரியே நடுங்கிக்கொண்டு நின்றது. சுந்தரபாண்டியபுரம் வரைக்கும் நடுங்கியது. அங்கே காய் ஏற்றும்போதும் நடுங்கியது.

திரும்ப அண்ணாச்சியிடம் போனேன். “வண்டிய ராத்திரி இங்கன விட்டுட்டுப் போங்க. அது குளுந்து கிடக்கையில நான் பாக்கணும். சூடான வண்டி பொய் சொல்லும்” என்றார். காய் ஏற்ற ஒரு லோடு ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டு வண்டியை அங்கே விட்டேன். கையெழுத்துக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

ஓஸில் வைத்த கை

காலை ஆறு மணிக்குப் பட்டறைக்குப் போனேன். என் வீட்டுக்காரரும் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டு ஒரு டிரம்மின்மேல் வைத்தேன். அங்கே நாலரை மணி. அதற்காகவே எழுந்து உட்கார்ந்திருந்தார்.

அண்ணாச்சி வண்டியைக் கிளப்பச் சொன்னார். நடுங்கியது. அவர் வேறு எதையும் தொடவில்லை. என்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகிற தடித்த ரப்பர் ஓஸின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார். நாடி பார்க்கிறாரா, தூங்கிவிட்டாரா என்று எனக்குச் சந்தேகம்.

“தண்ணி ஓடுது” என்றார்.

“ஓடட்டுமே அண்ணாச்சி. தண்ணி ஓடணும்லா?”

“இப்ப ஓடப்பிடாதும்மா. என்ஜின் சூடாகுத வரைக்கும் ரேடியேட்டருக்குப் போற வாசல் மூடிக் கிடக்கணும். சூடு வந்தபொறவுதான் திறக்கணும். அதுக்குன்னு தெர்மோஸ்டாட்டுன்னு ஒரு வால்வு உண்டு.” சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தார். “ஆமா, இந்த ஊசி எங்கன நிக்கும்?”

“ஏறவே ஏறாது அண்ணாச்சி. கீழயேதான்” என்றேன். அப்போதும் பெருமைதான்.

 அவர் என்ஜினை அணைத்துவிட்டு, இரண்டு போல்ட்டைக் கழற்றி ஒரு மூடியைத் தூக்கினார். உள்ளே விரலை விட்டார். வால்வு இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

“எந்தக் கூறுகெட்ட பய பாத்த வேல இது?” என்றார். “வெயில்ல கொதிக்கக் கூடாதுன்னு இதையே கழட்டி எறிஞ்சிருக்கான். என்ஜினே பழசு, சூடு பிடிச்சாத்தான் ஒழுங்கா எரியும். அது சூடு பிடிக்கதுக்கு முன்னாலயே பச்சத்தண்ணி சுத்திக்கிட்டுக் கிடக்கு, மேல சாரக்காத்து வேற. பின்ன எப்படி நடுங்காம இருக்கும்? இத கழட்டுனவன் கையில கிடைச்சான்னா நாலு கேள்வி கேக்கணும்.”

 “நாந்தான் அண்ணாச்சி” என்றது டிரம்மின்மேல் இருந்த போன்.

அண்ணாச்சி நாக்கைக் கடித்துக்கொண்டார். நல்ல மனிதர், உடனே தணிந்துவிட்டார். “தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. அங்கன உள்ள வெயிலுக்கு அது சரிதான். இங்கன மலையடிவாரம்லா.”

“இங்க பழைய வண்டி எது வந்தாலும் மொதல்ல அதத்தான் கழட்டுவோம் அண்ணாச்சி. கை தானா போயிட்டு” என்றார் அவர். பிறகு குரல் இறங்கியது. “சாரல் எப்படி இருக்கும்னே மறந்துட்டு.”

அது உண்மை. மகளின் பள்ளி விடுமுறையை ஒட்டியே அவர் விடுப்பு எடுப்பார். பத்தொன்பது வருஷமாக அவர் ஊரில் பார்த்ததெல்லாம் சித்திரை, வைகாசி வெயில்தான். ஒரு சாரலில்கூட அவர் இங்கே இல்லை.

அந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ‘எனக்காகத்தானே செய்தீர்கள்’ என்று ஒரு வார்த்தை. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று உம்மா என்னைச் சும்மாவா சொன்னாள். “ரெண்டு மாசமா என்னைய மழையில நிக்க வச்சுச் சத்தம் கேட்டியளே மச்சான். கழட்டுனது உங்களுக்கே ஞாபகமில்லையா? இதுக்கா மெக்கானிக்குன்னு சம்பளம் வாங்குதிய?” என்றேன். அண்ணாச்சியின் முன்னால், பட்டறையில் நின்ற இன்னும் இரண்டு பேர் முன்னால்.

“வைக்கட்டா” என்றார். வைத்துவிட்டார்.

இரண்டு நாள்

அண்ணாச்சி புது வால்வு போட்டு, மூடிக்குப் புதுப் பேக்கிங் வைத்து மதியத்துக்குள் கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலை வண்டி கிளம்பிச் சிறிது நேரம் முனகியது. தெருமுனை திரும்புவதற்குள் அடங்கி ஒழுங்காகிவிட்டது. தென்காசியைத் தாண்டும்போது ஊசியைப் பார்த்தேன். ஏறிக்கொண்டிருந்தது.  பாடம் ஓதியவள் அல்லவா, அப்படியே ஓரங்கட்டி நிறுத்தி அண்ணாச்சிக்குப் போன் போட்டேன்.

“எங்கன நிக்கி?” என்றார்.

“பாலம் தாண்டி நிக்கேன் அண்ணாச்சி.”

“உங்களக் கேக்கல, ஊசியக் கேக்கேன்.”

“நடுவுல.”

“அங்கனதான் நிக்கணும். வண்டிய எடுங்க.”

நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். சிரித்து முடிக்குமுன் இதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று அப்படி ஒரு ஏக்கம் வந்தது. போனைக் கையில் எடுத்துவிட்டேன். அவரிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. முந்தின நாள் காலையில் வைத்தவர் வைத்தவர்தான். தப்பு அவருடையது, கோபமும் அவருக்கா என்று எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அவரே கூப்பிடட்டும் என்று போனைக் கீழே வைத்தேன்.

அன்று முழுவதும் கூப்பிடவில்லை. மறுநாளும் கூப்பிடவில்லை. நானும்தான். ஆறேகாலுக்கே காயைக் கொண்டுபோய் இறக்கினேன், மாஸ்டர் பேச்சிமுத்து சிரித்தார். ஐந்தருவி மேட்டில் வேன்களுக்குப் பின்னால் பத்து நிமிஷம் நின்றேன், வண்டி அணையவில்லை. எல்லாம் நாங்கள் நினைத்தபடி நடந்தது. சொல்லத்தான் ஆள் இல்லை.

மூன்றாம் நாள் காலை மனசு கேட்கவில்லை. அப்போதும் வாயைத் திறந்து பேசினேனா? இல்லை. என்ஜின் சத்தத்தை ஒரு நிமிஷம் பதிவு செய்து, ஒரு வார்த்தை சேர்க்காமல் அனுப்பினேன்.

சுந்தரபாண்டியபுரத்தில் கத்தரிக்காய் ஏற்றிக்கொண்டிருக்கும்போது பதில் வந்தது. அங்கே மணி நாலுதான், அவரும் தூங்கவில்லை போலிருக்கிறது. “சுத்தமா இருக்கு. நல்லா பாத்திருக்காரு.” அதற்குக் கீழே இன்னொன்று. “நேத்து கையெழுத்துப் போட்டுட்டேன்.”

கூடையைக் கீழே வைத்துவிட்டு அவரைக் கூப்பிட்டேன்.  வயல்காரர்கள் இருக்கிறார்களே என்று பார்க்கவில்லை.

“ஏன் போட்டிய? ஏன் மச்சான் போட்டிய? வண்டி ஓடிட்டு. சீசன் ஓடிட்டு. நீங்க சொன்ன மாதிரியே எல்லாம் ஓடிட்டு.”

“ஓட வச்சது நீயும் அந்த அண்ணாச்சியும்” என்றார். “நான் அதக் கெடுத்துட்டுத்தான வந்தேன். ஊர்ல காத்து எப்படி அடிக்கும்னு தெரியாதவன், அங்க வந்து என்ன தொழில் பாக்க ரஹ்மத்து? எனக்கு இங்க உள்ள வேலதான் தெரியும். அன்னைக்கு நீ கேட்டதுல தப்பில்ல.”

எனக்குள் பத்தொன்பது வருஷமாக மூடிக் கிடந்தது எல்லாம் திறந்துகொண்டது. “வண்டி ஓடுச்சுன்னா வாரேன்னு சொன்னது நீங்க. நான் எப்பவாவது அப்படிச் சொன்னேனா? இந்த வண்டி காயலாங்கடைக்குப் போகட்டும். எனக்கு வண்டி வேணாம், தொழில் வேணாம். எனக்கு நீங்க வேணும் மச்சான். ஒண்ணும் தெரியாதவரா வந்து வீட்டுல சும்மா இருங்க, நான் ஓட்டிப் போடுதேன். உங்களப் பாக்காம எனக்கு முடியல.”

போனில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகிறார் என்று தெரிந்தது. அவர் அழுது நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

“இத நேத்துக் காலையில சொல்லிருக்கலாம்லா” என்றார்.

 பொழுது விடிந்துகொண்டிருந்தது. ஆறரைக்குள் ஐந்தருவியில் இருக்க வேண்டும். முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன். ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

அதற்கப்புறம் தினமும் சொல்லிவிடுகிறேன். அவர் போன் செய்தால் சாப்பிட்டியா என்று கேட்பதற்கு முன்னாலேயே, “வந்துருங்க மச்சான்” என்றுதான் ஆரம்பிக்கிறேன். காய் பறிக்கிற பெண்கள் கேட்டுவிட்டு, “அக்காவுக்கு இப்பத்தான் கல்யாணமாச்சு” என்று சிரிக்கிறார்கள். சிரித்தால் சிரிக்கட்டும். அடுத்த கையெழுத்துக்கு இன்னும் இரண்டு சாரல் இருக்கிறது.